கடற்பாசியின் மேல் துடித்த இதயம்

கடல் ஊருக்குள் வந்து போன நாலைந்து மாதங்களுக்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு உலகத்தின் எல்லாத் திக்கிலிருந்தும் பெட்டிகள் வரத் தொடங்கின. ஒன்றில் குளிர்க் கோட்டுகள் இருந்தன. கல்முனை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தாலே நடந்தவருக்கு ஒரு கட்டில் ஒதுக்க வேண்டிவரும். இன்னொன்றில் முழங்கைவரை நீண்ட கம்பளிக் கையுறைகள். எங்கள் காவலாளி அவற்றை மாட்டிக்கொண்டு வளவு மாமரத்தில் இருந்த தேன்கூட்டைக் கலைத்தார். எனக்குத் தெரிந்து முறையாகப் பயன்பட்ட நிவாரணப் பொருள் அது ஒன்றுதான்.

நான் அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். இரத்தம், சலம், சளி பார்ப்பது என் தொழில். பழைய ஆய்வுகூடத்தைக் கடல் கொண்டுபோய்விட்டதால் பின்பக்கத்து அறை ஒன்றில் இரண்டு மேசையும் கிருமி பார்க்கக் கடன் வாங்கிய ஒரு நுணுக்குக்காட்டியுமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் ஆய்வுகூடத்துக்கென்று பெயர் எழுதிய ஒரு பெட்டி வந்தது. திறந்தால் பெரிய நுணுக்குக்காட்டி, ஆனால் வில்லைகள் எல்லாம் தட்டுக்குக் கீழே இருந்தன. விளக்கு மேலே இருந்தது.

எங்கள் பெரிய டொக்டர் காரைதீவைச் சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் திருப்பிப் பேச இடம் வைக்கமாட்டார். அவர் பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இது தலைகீழாப் பூட்டி அனுப்பியிருக்காங்க."

"இல்ல சேர். இது உயிரோட இரிக்கிற கலங்களக் கீழ இருந்து பார்க்கிறதுக்கு. தட்டத்தில வளர்த்திட்டு அப்பிடியே பார்க்கலாம்."

"உயிரோட கலத்த வளர்த்து நாம என்ன செய்யப் போறம்? நமக்கு மலேரியாவும் யூரினும் காணும். ஸ்டோர்ல போடுங்க."

ஸ்டோரில் போட்டேன். ஸ்டோர்ப் பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருந்தது.

நுணுக்குக்காட்டியைச் சுற்றிப் பொதிந்திருந்த கசங்கிய தாள்களை மட்டும் நான் எறியவில்லை. யாரோ ஓர் ஆராய்ச்சிக்காரர் வேண்டாமென்று கழித்த தாள்கள் அவை. நீவி எடுத்துப் பார்த்தபோது ஒரு நிறப்படம் இருந்தது. நடுவில் கோரைப் பாய்த் துண்டுபோல வரிவரியாக ஒரு கலம், ஓர் உயிரணு. அதைச் சுற்றி இருட்டில் மினுங்கும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு சின்ன அம்பு. அம்புகள் எல்லாம் கலத்தைப் பார்த்தே நின்றன. பாதி கிழிந்த ஆங்கில வாக்கியங்களை ஒரு கிழமை வைத்துக் கோத்தேன். விஷயம் இதுதான்: இதயத் தசைக் கலம் ஒன்றை மெல்லிய ஜெலியின் மேல் வைக்கிறார்கள். ஜெலிக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகள். கலம் துடிக்கும்போது ஜெலியை இழுக்கிறது, மணிகளும் அசைகின்றன. எவ்வளவு அசைந்தன என்று படம் பிடித்து, கலம் எவ்வளவு விசையோடு இழுத்தது என்று கணக்கிடுகிறார்கள்.

கரைவலை இழுப்பவர்களின் கால்கள் மணலில் எவ்வளவு புதைகின்றன என்று பார்த்தே வலை கனமா இலேசா என்று சொல்லிவிடுகிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கு இது உடனே விளங்கியது. விளங்கியதும் கை அரிக்கத் தொடங்கியது.

ஆனால் நான் உண்மையில் இறங்கியதற்கு என் தம்பியும் ஒரு காரணம்.

தம்பி கல்யாண வீடியோக்காரன். அவனுடைய கடை கடற்கரை வீதியில் இருந்தது. கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சம்மாந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். அதனால் அவனும் கெமராவும் தப்பினார்கள். கடையும் அதற்குள் இருந்த பதினொரு வருடக் கல்யாணங்களும் தப்பவில்லை. பிறகு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். என் கணவர் கட்டாரில் வேலையாக இருந்ததால் தம்பி எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். வருகிறவர்கள் வாசலில் நின்றே கேட்பார்கள்: "தம்பி, எங்கட மகள்ற கலியாணக் கெசட் ஒரு கொப்பி ஒங்கட கையில இரிக்குமா?" மகளும் போய், வீடும் போய், அவர்களிடம் ஒரு படம்கூட மிஞ்சியிராது. அவன் இல்லை என்று சொல்ல வேண்டும். ஒருநாளைக்கு மூன்று தரம், நாலு தரம் சொன்னான். கடைசியில் ஒரு நாள் கெமராவை ஒரு சாரனில் சுற்றி அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டோ ஓடப் போனான். ஓட்டோவில் ஏறியவர்களும் அதையே கேட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடினான். அப்படியும் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு படம் எடுக்கணும்டா."

"கலியாணம் எடுக்க மாட்டன் ராத்தா."

"கலியாணம் இல்ல. ஆக்களே இல்லாத படம்."

"பின்ன என்ன இரிக்கி அதில?"

"முட்டை."

அவன் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு யோசித்தான். "அவிச்சதா, பொரிச்சதா?"

"அடைக்கு வெச்சது."

கோழி முட்டையை நாலு நாள் சூட்டில் வைத்தால் உள்ளே கடுகளவு இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அதை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கினாலும் ஒவ்வொரு துண்டும் தன்பாட்டில் துடிக்கும். சூட்டுக்கு என்னிடம் கிருமி வளர்க்கும் அடைகாப்புப் பெட்டி இருந்தது. ஊர்க்கோழி முட்டை பன்னிரண்டை வாங்கிக் கீழ்த் தட்டில் அடுக்கினேன். மூன்றாம் நாளே பெரிய டொக்டர் ஏதோ தேடி வந்து பெட்டியைத் திறந்துவிட்டார்.

"இது என்ன?"

"காசநோய்க் கிருமி வளர்க்கிற ஊடகத்துக்கு, சேர். அதுக்கு முட்டை போடணும்."

அந்த ஊடகத்துக்கு முட்டை வேண்டும் என்பது உண்மை. அடைகாத்த முட்டை வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. டொக்டர் முட்டைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"குஞ்சு பொரிச்சா வார்டுக்குள்ள விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்கு வெகுகாலம் தெரியவில்லை.

முதல் தடங்கல் ஜெலி. கடையில் விற்கும் ஜெலற்றின் பொடியைக் கரைத்து ஊற்றினேன். எங்கள் ஊர்ச் சூட்டில் மேசையிலேயே தளதளத்தது. அடைகாப்புப் பெட்டிக்குள் வைத்ததும் தண்ணீராகிவிட்டது. இதயத் துண்டு அதில் குளிக்கப் போனது மாதிரி மிதந்தது. இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நோன்பு மாதம். மூன்றாம் நாள் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது என் முன்னால் ஒரு தட்டில் சிவப்பும் பச்சையுமாக, முக்கோணமாக வெட்டிய கடற்பாசி இனிப்பு இருந்தது. வெயிலில் மணிக்கணக்காக வைத்தாலும் கரையாத சாமான். அதை நானே காய்ச்சி, நானே வெட்டி, என் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருந்தேன். பேரீச்சம்பழத்தை வாயில் போடவும் மறந்து சிரித்தேன். தம்பி பயந்துவிட்டான்.

சீனியும் நிறமும் இல்லாமல் ஆய்வுகூடத்தில் கடற்பாசி காய்ச்சினேன். முதல் தரம் வழக்கமான கையளவில் போட்டதால் இறுகிவிட்டது. இதயத் துண்டு எவ்வளவு இழுத்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. மறுமுறை பாசியைக் குறைத்து, குறைத்து, யாருக்காவது நோன்பு திறக்கக் கொடுத்தால் வீட்டுப் பக்கமே வராத அளவுக்குத் தண்ணியாக்கினேன். கலங்கள் ஒட்டிப் பிடிப்பதற்கு மேலே கொஞ்சம் ஜெலற்றின் தடவினேன். கலங்களின் சாப்பாட்டுக்குக் கோழி இறைச்சிக் கடையில் இரத்தம் வாங்கி, சுழற்றித் தெளிய வைத்த நீர். கடைக்காரர் போத்தலையும் என்னையும் பார்த்து, "டீச்சர், இது தின்ன ஏலாது, ஹராம்," என்றார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர். தின்ன அல்ல என்று சொன்னேன். அது அவரை இன்னும் கலவரப்படுத்தியது.

அடுத்தது மணிகள். தாளில் இருந்த மினுங்கும் மணிகளுக்கு நான் எங்கே போவேன்? கரித்தூள் திரண்டுகொண்டது. பற்பொடி கரைந்துவிட்டது. கறுப்பாக, கனமாக, கரையாமல், மாவைவிட நைசாக ஏதாவது வேண்டும். சம்மாந்துறையில் எங்கள் மாமா ஒருவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது சுருமா கொண்டுவந்திருந்தார். கண்ணுக்குப் போடுகிற அந்த மை அவ்வளவு நைசு. தம்பியின் ஓட்டோவில் போய் ஒரு சின்ன மருந்துப் போத்தல் நிறைய வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

கிழக்கில் சண்டை மும்முரமாக இருந்த காலம் அது. காரைதீவுச் சந்திக்கு வருவதற்கு முன், வயல்களுக்கு நடுவே ஒரு சோதனைச் சாவடி. இளம் சிப்பாய் ஒருவர் என் பையைத் திறந்தார். பஞ்சு, கத்தரிக்கோல், போத்தல். போத்தலைத் திறந்தார். கறுப்பாக மினுங்கும் தூள். மூன்று அடி பின்னால் போனார்.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"சுருமா."

அவருக்கு அந்தச் சொல் தெரியாது. அதிகாரி ஒருவர் வந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். கண்ணுக்குப் போடுகிறது என்று கையால் காட்டினேன். சுருமாவில் ஈயம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஈயம் என்ற சொல்லைச் சோதனைச் சாவடியில் வாய்விடக் கூடாது என்ற அளவுக்குப் புத்தி இருந்தது.

"போட்டுக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

நான் தம்பியைப் பார்த்தேன்.

"ராத்தா, வேணாம்."

"கறுப்புக் கண்ணாடியக் கழட்டு."

பிறந்ததிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு மருந்துகூட விடச் சம்மதிக்காதவன். மாமா தந்த சுருமாக் குச்சியால் இரண்டு கண்ணிலும் தாராளமாக இழுத்துவிட்டேன். கறுப்புக் கண்ணீர் தாடிவரை ஓடியது. என் கண்ணிலும் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் பெருநாளுக்கு வெளிக்கிட்டு வழியில் யாரிடமோ அடி வாங்கியவர்கள் மாதிரி நின்றோம். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போத்தலைத் திருப்பித் தந்தார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"ஆஸ்பத்திரிப் பையில ஏன் இது? யாருக்குப் போடுறது?"

நான் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "கோழிக்குஞ்சுக்கு."

அவர் பைக்குள் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். "கோழிக்கும் போடுறதா?"

"ஓம் சேர்," என்றான் தம்பி, கண்ணைத் துடைத்தபடி. "பெருநாளைக்கு மட்டும்."

போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கல்முனை வரும்வரை தம்பி ஒரு கண்ணை மூடிக்கொண்டே ஓட்டோ ஓட்டினான்.

சுருமாவைத் தண்ணீரில் கலக்கி, கனமான துணிக்கைகள் கீழே அடையவிட்டு, மேலே நின்ற கலங்கல் நீரை மட்டும் எடுத்துக் கடற்பாசியில் கலந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், டொக்டர் சாப்பாட்டுக்குக் காரைதீவுக்குப் போன நேரம் பார்த்து, தலைகீழ் நுணுக்குக்காட்டியை ஸ்டோரிலிருந்து இரண்டு பேருமாகத் தூக்கி வந்தோம். இரண்டு நாளைக்கு முன் வைத்த இதயத் துண்டு பாசியில் ஒட்டி, ஓரத்தில் கலங்களைப் படரவிட்டிருந்தது. குளிர்ந்தால் துடிப்பு நின்றுவிடும் என்பதற்காக மேசை விளக்கைக் கிட்ட வைத்தேன். தம்பி கெமராவைச் சைக்கிள் டியூப் இறப்பரால் கண்வில்லையோடு சேர்த்துக் கட்டினான். இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவன் அந்தக் கெமராவுக்குள் கண்ணை வைத்தது அன்றுதான்.

கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"ராத்தா, இது மூச்சு விடுதா?"

"துடிக்குது. பக்கத்தில இரிக்கிற கறுப்புப் புள்ளிகளப் பார்."

கலம் சுருங்கும்போது புள்ளிகள் அதை நோக்கி ஓர் எட்டு வந்தன. விரியும்போது தங்கள் இடத்துக்குத் திரும்பின. மறுபடி வந்தன. திரும்பின. ஒருவரும் சொல்லாமல், நிறுத்தாமல். தாளில் பார்த்த அம்புகளை நான் உயிரோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையைத் தொட்டால் படம் அசையும் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"காணும்டா, நிப்பாட்டு. டொக்டர் வந்துருவார்."

"கொஞ்சம் பொறுங்க."

கெசட் தீர்ந்து தானாக டக்கென்று நிற்கும்வரை அவன் விடவில்லை. பிறகு அதை வெளியே எடுத்து, சட்டைப் பையில் போட்டு, பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டான்.

"இதுக்கு மூணு கொப்பி எடுக்கணும் ராத்தா. ஒண்டு ஒங்கட வீட்டில. ஒண்டு என்ட கையில. ஒண்டு சம்மாந்துறை மாமாட வீட்டில, கடல் வராத இடத்தில."

அன்று பின்னேரமே மூன்று வெற்றுக் கெசட்டுக்குக் காசு கொடுத்தேன்.

அளப்பது வீட்டு டீவியில் நடந்தது. படத்தை அசையாமல் நிறுத்தி, பள்ளிப் புத்தகத்துக்கு உறை போடும் பொலித்தீன் தாளைத் திரையில் ஒட்டி, விரிந்த நிலையில் புள்ளிகளை நீல மையால் குறித்தேன். சுருங்கிய நிலையில் சிவப்பால். நீலத்திலிருந்து சிவப்புக்கு அம்பு போட்டேன். எத்தனையோ இராப்பொழுது அதில் போனது. கட்டாரிலிருந்து பேசிய கணவர், "என்ன செய்ற?" என்று கேட்டார். டீவியில் புள்ளி வைக்கிறேன் என்றேன். அவர் தம்பியைக் கூப்பிட்டு, "ராத்தாவுக்கு நல்லமா?" என்று தனியாக விசாரித்தார். ஜெலி எவ்வளவு மென்மை என்று அறிய, சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் உருக்குக் குண்டு ஒன்றை அதன் மேல் வைத்து எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்தேன். கடைசியில் ஒரு கணக்கு வந்தது. குறிப்புக் கொப்பியில் எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.

இப்படியே இரண்டு வருடம், வெள்ளிக்கு வெள்ளி. தம்பி நல்ல கெசட்டாகப் பார்த்து வாங்கினான், வெளிச்சம் காணாது என்று சண்டை பிடித்தான். ஒரு தரம் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியே எடுத்தான்.

பிறகு சண்டை முடிந்தது என்று செய்தி வந்தது. வீதியில் பட்டாசு வெடித்தது. சாவடிச் சிப்பாய்கள் போவோர் வருவோருக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். பெரிய டொக்டரின் அறைக் கதவு மட்டும் அன்று முழுவதும் சாத்தியிருந்தது. அவருடைய அக்கா குடும்பம் கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "சரி," என்றார். அவ்வளவுதான். சில கிழமைகளுக்குப் பிறகு அவர்கள் வவுனியா முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியவந்தபோது அவரே ஆய்வுகூடத்துக்கு வந்து என்னிடம் சொன்னார். அதற்கும் அதே "சரி"யைத்தான் சொன்னேன்.

அவருடைய மகளின் கல்யாணம் அவர்களுக்காகவே தள்ளிப்போடப்பட்டிருந்தது. மாப்பிள்ளையும் வவுனியாப் பக்கம்தான். எல்லாரும் வரக்கூடிய நிலை வந்ததும் தை மாதத்தில் நாள் வைத்தார்கள்.

"ஒங்கட தம்பி முந்தி வீடியோ எடுப்பாரே. கேட்டுப் பாருங்க," என்றார் டொக்டர்.

தம்பி ஒரு நாள் முழுக்க யோசித்தான். மறுநாள் காலை கெமராவின் வில்லையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எடுக்கிறன். ஆனா வெட்டி ஒட்டுறது என்ட இஷ்டம். அதில ஒருத்தரும் கதைக்கப் படாது."

அந்த வசனத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், டொக்டர் வீட்டில் எல்லாரும் சேர்ந்து வீடியோ பார்க்க எங்களையும் அழைத்திருந்தார்கள். மண்டபம் நிறையச் சொந்தக்காரர். முன் வரிசையில் மாப்பிள்ளையின் பெரிய மாமி, வவுனியாவிலிருந்து வந்தவர். எல்லாருக்கும் கேக்கும் வடையும். திரையில் நாதஸ்வரம், மேளம், தாலி. தாலி கட்டும் இடத்தில் மற்ற வீடியோக்காரர்கள் சிவப்பு இதயங்களைப் பறக்கவிட்டு, அதற்குள் மணமக்களின் முகத்தை வைப்பார்கள். இங்கே மணமக்களின் முகம் மெல்ல மங்கியது. சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக, என்னவோ ஒன்று துடிக்கத் தொடங்கியது. மேளம் கொட்டக் கொட்ட அது துடித்தது.

நான் கேக்கை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

மாமி கண்ணைச் சுருக்கினார். "இதென்ன, ஸ்கேன் படமோ?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "கலியாணத்துக்கு முன்னமே எடுத்ததோ?"

மணப்பெண் தலையைக் குனிந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து, திரையைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார். டொக்டரின் மனைவி கையில் இருந்த தட்டு சரிந்து ஒரு வடை உருண்டது. அந்தப் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற நான் எழும்பிக் கத்தினேன்:

"கோழி! அது கோழிக்குஞ்சு!"

நிலைமை சீரானது போலத் தெரியவில்லை. "தாலி கட்டேக்க கோழியோ? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?" என்றார் மாமி.

தம்பி மட்டும் பதறவில்லை. எழுந்துபோய் டீவிக்குப் பக்கத்தில் நின்றான். "மாமி, மற்றவங்க மட்டையில வெட்டின இதயத்தப் போடுவாங்க. அது துடிக்காது. இது மெய்யான இதயம். நல்லாப் பாருங்க, பக்கத்தில இரிக்கிற புள்ளியெல்லாத்தையும் அது தன்னட பக்கம் இழுக்குது. ஒண்டையும் விடல்ல."

மாமி கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். வெகுநேரம் பார்த்தார். "திருப்பிப் போடும் தம்பி," என்றார்.

மூன்று தரம் திருப்பிப் போட்டான். மூன்றாம் தரம் மணப்பெண் சிரித்துவிட்டாள்.

டொக்டர் என் பக்கம் குனிந்தார். "இது எங்க எடுத்தது?"

"நம்மட லாப்ல, சேர்."

"அந்த முட்டையா?"

"ஓம் சேர்."

"காசநோய்?"

நான் வடையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் ஆய்வுகூடத்துக்கு வந்து, கதவைச் சாத்தி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கக் கடிதம் எழுதச் சொல்வார், இடமாற்றம் வரும் என்று இரண்டு நாளாக நான் உறங்கவில்லை.

"காட்டுங்க."

அன்றும் பெட்டிக்குள் ஒரு தட்டம் தயாராக இருந்தது. ஏனென்றால் நான் திருந்தியிருக்கவில்லை. ஸ்டோரிலிருந்து நுணுக்குக்காட்டியை எடுத்து வந்து, விளக்கைப் போட்டு, தட்டத்தை வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. என் கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கி, ஒரு கண்ணை அதில் ஓட்டினார். பேனாவை எடுத்தார்.

"ஒரு பூச்சியம் கூடப் போட்டிருக்கீங்க. ஒங்கட கணக்குச் சரியெண்டா இந்தக் குஞ்சு வளர்ந்து மாட்டு வண்டில் இழுக்கும்."

வெட்டினார். இரண்டரை வருடம் அடிக்கோட்டோடு நின்ற பூச்சியம் அது. பிறகு மறுபடி குனிந்தார்.

"அட்ரினலின் இரிக்கா?"

அவசரத் தட்டில் இருந்தது. ஊசியில் இழுத்து, நன்றாக நீர்க்க வைத்து, ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு துடிப்பு விரைந்தது. புள்ளிகள் முன்னைவிட எட்டிப் பாய்ந்து கலத்திடம் போய்வந்தன. இருபத்தைந்து வருடமாக நோயாளிகளுக்கு அந்த மருந்தை ஏற்றுகிறவர், அது உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையின் விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அவரும் என்னைப்போல மேசையைத் தொடாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

"கூட இழுக்குது," என்றார். "பாருங்க, கூட இழுக்குது!" அவர் சத்தமாகச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

கடிதம் எழுதச் சொல்லவில்லை. நுணுக்குக்காட்டியை ஸ்டோருக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார், அதுதான் எங்களுக்கு இடைஞ்சல். கண்வில்லை ஒன்று, ஆட்கள் மூன்று.

தம்பி ஓட்டோவை விற்றான். வவுனியா மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்ததில் அடுத்த பருவத்தில் மூன்று கல்யாண வீட்டார் அவனிடம் வந்து எங்களுக்கும் அந்த மெய்யான இதயம் வேண்டும் என்று கேட்டார்கள். பழைய படத்தைப் போட அவன் சம்மதிக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒன்று புதிதாக எடுக்க வேண்டுமாம். முட்டை வாங்கி மாளவில்லை. அதில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அது சேவலா பேடா என்று விசாரித்தார்கள். பேடு என்றால் வேண்டாமாம். நாலு நாள் முட்டையில் அதைக் கண்டுபிடிக்க எந்த நுணுக்குக்காட்டியாலும் ஏலாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். தம்பி என் காலை மிதித்தான்.

"சேவல்தான்," என்றான். "பாத்தாத் தெரியல்லையா?"